ரூல்ஸ் புக் கம்பெனிக்கு... கேம் யாருக்கு? 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' சொல்லும் பாடம்

நான்கைந்து நண்பர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதையை நகர்த்துகிறார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு கேரக்டர். வாள்வீச்சு டிராகன் மேல் படுமா, படாதா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு இது பரிச்சயமான காட்சிதான்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் விதிகள் இதுவரை பலமுறை திருத்தி எழுதப்பட்டுவிட்டன. ஆனால், கிரிக்கெட்டில் விதி மாறினால் எல்லா அணிகளும் மாறியே ஆக வேண்டும். இங்கே அப்படி இல்லை. பழைய புத்தகம் கையில் இருந்தால் போதும், ஆட்டம் தொடரும். எனவே ஒவ்வொரு புதிய பதிப்பும் ஆட்டக்காரர்களின் சம்மதத்தைச் சம்பாதித்தாக வேண்டும்.

சரி, எந்த மாற்றம் எடுபட்டது?

ஆரம்ப காலப் பதிப்புகளில் கவசத்தின் எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம். புதியவர்களுக்குத் தலை சுற்றும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. எண் கூடினால் பாதுகாப்பும் கூடும். அவ்வளவுதான், கணக்கு எளிதானது.

அதே ஆண்டு, விளையாட்டின் உரிமையாளரான 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 'ஓபன் கேம் லைசென்ஸ்' என்ற உரிமத்தையும் வெளியிட்டது. அடிப்படை விதிகளைப் பயன்படுத்தி யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் புத்தகம் போடலாம். இதை நம்பிப் பல சிறு பதிப்பாளர்கள் தொழில் தொடங்கினார்கள்.

எது எடுபடவில்லை?

2008-ல் நான்காம் பதிப்பு விதிகளை அடியோடு மாற்றியது. உரிமமும் கெடுபிடியானது. 'இது நம்ம கேம் மாதிரியே இல்லையே' என்று பலர் ஒதுங்கினார்கள். 'பைசோ' நிறுவனம் பழைய திறந்த விதிகளை வைத்தே 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டைக் கொண்டுவந்தது. அடுத்த பதிப்பை, 2012 முதல் ஆட்டக்காரர்களிடமே சோதனைக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டு, 2014-ல்தான் வெளியிட்டார்கள்.

ஆனாலும் 2023 ஜனவரியில் பழைய தவறு திரும்பியது. திறந்த உரிமத்தை ரத்து செய்து, ஆண்டுக்கு 7.5 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் பார்ப்பவர்களிடம் ராயல்டி கேட்கும் வரைவு கசிந்தது. எதிர்ப்பு வெடித்தது. நிறுவனம் நடத்திய கருத்துக்கேட்பில் 15,000-க்கும் மேற்பட்டோர் பதில் அளித்தார்கள். அதே மாத இறுதியில் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டது. அதை இனி திரும்பப் பெற முடியாது.

2024-ல் வந்த திருத்தப்பட்ட விதிகளோ, 2014-க்குப் பிறகு வந்த சாகசக் கதைப் புத்தகங்களோடு சேர்த்தே ஆடும்படி எழுதப்பட்டன.

விதிகள் மாறுவதில் தவறில்லை. மாறாவிட்டால் எந்த விளையாட்டும் பழசாகிவிடும். ஆனால், விதியைத் திருத்துவது வேறு, கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவது வேறு. முதலாவதைப் பிடிக்காதவர் பழைய புத்தகத்தோடு இருந்துகொள்ளலாம். இரண்டாவதில் அந்த வாக்கை நம்பிக் கடை விரித்தவரின் பிழைப்பே போய்விடும். அடுத்தவர் பிளாட்ஃபார்மை நம்பி ஆப், சேனல் நடத்தும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

புத்தகத்தின் காப்புரிமை கம்பெனியிடம் இருக்கலாம். மேஜையில் எந்தப் புத்தகம் திறக்கப்படும் என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.