செப்புத் தகட்டில் ஒரு துறைமுகம்

ஒல்லாந்த அமில அரிப்புச் சித்திரங்களைப் பற்றி எம்மிடையே பேசுவோர் இரு சாராராவர். கப்பலின் ஒவ்வொரு கயிறும் அச்சொட்டாக வரையப்பட்டுள்ளதென வியப்போர் ஒரு சாரார். வணிக வர்க்கம் தன் செல்வத்தைத் தானே பார்த்து மகிழ்ந்த கண்ணாடி இதுவென ஒதுக்குவோர் மறுசாரார். இரு சாராரும் படத்தைப் பார்க்கவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

'ஸேமன்' எனப்பட்ட றெய்னியர் நூம்ஸ், 1650களின் முற்பகுதியில், அம்ஸ்ரர்டாம் நகரின் கப்பல்களையும் காட்சிகளையும் சித்திரத் தொடராக வெளியிட்டார். ஸேமன் என்பதற்கு மாலுமி என்று பொருள். பெயருக்கேற்பக் கடலறிந்த கைதான். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுவர். அமிலம் நெடுநேரம் அரித்த கோடு ஆழமாகி, மை மிகுதியாகப் பிடித்துக் கருமையுறும். பாய்மரமும் கயிறும் நெருங்கிய கோடுகளாய் எழ, வானமோ பெரும்பாலும் வெறுங் காகிதம். எதனை வரையாது விடுவதென்ற இத்தெரிவை அச்சொட்டு என்ற சொல் விளக்குமா? 1640 அளவில் றெம்பிராண்ட் பொறித்த அம்ஸ்ரர்டாம் காட்சியிலே நகரம் இடம் வலமாக மாறியே அச்சாகியுள்ளது. அதனை எவரேனும் பொய்யென்று தள்ளினரா? (கடற்படையிலிருந்த பிரெஞ்சுக் கலைஞர் சார்ள்ஸ் மெரியோன், ஸேமனின் சித்திரங்களைத் தம் கையாலேயே பிரதிசெய்து பயின்றார்; தமது பாரிஸ் சித்திரங்களை அவருக்கே சமர்ப்பித்தார். எமது விமர்சகர்க்கு அவ்வளவு பொறுமை இல்லை.)

மறுசாராரின் கோபம் நியாயமானது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அதனை மறக்குமாறு நாம் கோரவில்லை. ஆனால் கோபம் கண்ணை மூடுவதற்குக் காரணமாகலாமா? நகரையடுத்த நீர்ப்பரப்பு ஆழங் குறைந்தது. பெருங்கலங்கள் பாம்பஸ் மணற்றிட்டைச் சரக்குடன் கடக்கமாட்டாமல், தொலைவிலே தெக்ஸல் தீவருகே நங்கூரமிட்டு நின்றன. மிளகும் கறுவாவும் அங்கிருந்து சிறு படகுகளிலேயே நகருக்கு வந்தன. வர்க்கத்தைப் பற்றி எழுதுவோர் முதலில் தேடவேண்டியது அப்படகுகளையும் அவற்றிற் சுமையேற்றி இறக்கிய மனிதரையும் அல்லவா? ஸேமனின் தாள்களிலே, பெருங்கலங்களின் அருகில், சிறு கலங்களுக்கும் இடமுண்டு.