கல்லை நகர்த்தும் முன் படி எடுங்கள்

எங்கள் ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக் கிணற்றடியில் ஒரு துவைகல் கிடந்தது. எழுத்துள்ள முகம் மண்ணுக்குள். ஓரத்தில் மட்டும் இரண்டு வரிகளின் நுனி தெரியும். கிணற்றைத் தூர்வாரியபோது கல் எங்கோ போய்விட்டது. யாரும் படி எடுத்து வைக்கவில்லை. சென்னை லாயிட்ஸ் சாலையில் இருக்கும் சின்னஞ்சிறு யூதர் கல்லறைத் தோட்டத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கல்தான் மனதில் வந்து நிற்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த யூத வணிகர்கள் பவழத்தைக் கொண்டுவந்து இறக்கி, கோல்கொண்டா வைரத்தை ஏற்றிப்போனார்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. 1688இல் மாநகராட்சி அமைந்தபோது அதன் மன்ற உறுப்பினர்களான ஆல்டர்மன்களில் யூதர்களும் இருந்தார்கள். அவர்களின் இடுகாடு பெத்தநாயக்கன்பேட்டையில் இருந்தது. நகரம் நெருக்க நெருக்க, மிஞ்சிய சில கற்கள் இடம் மாறி லாயிட்ஸ் சாலைக்கு வந்துசேர்ந்தன. ஒரு கல்லை மட்டும் தூக்கிவந்தால், அது யார் பக்கத்தில் நின்றது, எந்தத் திசை பார்த்தது என்பதெல்லாம் பழைய இடத்திலேயே அழிந்துபோகும்.

எபிரேயக் கல்லறை வாசகம் சுருக்கமானதுதான். ஆனாலும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தந்தை பெயரையும் சேர்த்துச் சொல்வதால், ஒரு கல் போனால் இரண்டு தலைமுறை போகிறது. ஆண்டைப் பெரும்பாலும் எழுத்தாலேயே குறிப்பார்கள். நம் க, உ, ங போல அங்கும் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. ஆயிரங்களை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். 529 என்று வந்தால் 1240ஐக் கூட்டி 1769 என்று கொள்ள வேண்டும். இங்கேதான் கண் ஏமாறும். தாலெத், ரேஷ் என்ற எழுத்துகள் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முன்னதற்கு மதிப்பு 4, பின்னதற்கு 200. மூலை ஒன்று தேய்ந்திருந்தால் 196 ஆண்டு பிசகும். புள்ளியில்லாத தமிழ்க் கல்வெட்டில் எகரமா ஏகாரமா என்று திணறியவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும்.

இது யாரோ அந்நியரின் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. யூதத் தலைவன் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடு தமிழில், வட்டெழுத்தில் இருக்கிறது. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் சிலர் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். கேரளத்துச் சேந்தமங்கலத்தில் இஸ்ரவேலின் மகள் சாராவின் 1269ஆம் ஆண்டுக் கல், அங்குள்ள ஜெபக்கூடத்தின் முன்னே பத்திரமாக நிற்கிறது. எந்த ஊராரும் பார்த்துப் பெருமைப்படக்கூடிய கல் அது.

சென்னைக் கற்களைப் பற்றி என் கவலை வேறு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரில் இருக்கிறது. அரபு, பாரசீகத்துக்கு நாக்பூரில் தனிப்பிரிவு உண்டு. எபிரேயத்துக்கு அப்படி ஒன்று இல்லை. எனவே படிப்பவர் எங்கோ தொலைவில் இருப்பார். அவருக்கு நல்ல படம் போய்ச் சேர வேண்டும். 1905இலேயே ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து நூலாக்கினார். அப்படி ஒரு பதிவு இருந்தால், கல்லே உடைந்தாலும் வாசகம் நிற்கும்.

இப்படிப் பதிவு செய்யப் பெரிய செலவில்லை. கல்லைத் துடைக்கும்போது அமிலமும் கம்பித் தூரிகையும் கிட்டே வரக்கூடாது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். உச்சிவெயிலில் எழுத்து மறைந்துபோகும். மாலைச் சாய்வெயிலில் அதே கல்லைப் பார்த்தால் வெட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் நிழல் விழும். அப்போது அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். ஈரத்தாளை ஒற்றித் தட்டி மைப்படி எடுப்பது அதற்குப் பிறகு, அதுவும் கல் பொரியாமல் உறுதியாக இருந்தால் மட்டும். கல் நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்த பின்தான் கடப்பாறையைத் தொட வேண்டும்.