வந்தவருக்கு வழி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் தலைநகருக்கு வருவோர் இம்முதுமொழியைத் துணையாகக் கொண்டே புறக்கோட்டையில் வந்து இறங்குகின்றனர். ஆனால் வாய் இருந்தால் மட்டும் போதுமா? அவ்வாய் பேசும் மொழி கேட்பவருக்கு விளங்கவும் வேண்டும். வண்டியின் நெற்றியில் எழுதி வைத்தது வந்தவர் கண்ணுக்கு எட்டவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிடத்து வாயுள்ள பிள்ளையும் வாய் பேசாப் பிள்ளையாகவே நிற்க நேரிடும்.

கொழும்புக்கு வருவோர் அனைவரும் கடற்காற்று வாங்க வருவோர் அல்லர். மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குத் தாயை அழைத்துவரும் மகன் உளன். கந்தோர் ஒன்றில் ஒரு கையெழுத்துக்காக இரவெல்லாம் பயணஞ்செய்து வரும் முதியவர் உளர். கடல் கடந்து செல்லும் பிள்ளையை வழியனுப்ப வரும் பெற்றோர் உளர். இவர்களிற் பெரும்பாலாருக்குச் சொந்த வாகனம் இல்லை. முச்சக்கர வண்டிக்காரர் கேட்பதைக் கொடுக்கும் வசதியும் இல்லை. பஸ்ஸும் புகையிரதமுமே இவர்களுக்குக் கதி. ஆகவே, பஸ் வண்டியின் பலகையில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பது இவர்களுக்கு அழகு பற்றிய வினா அன்று. நேரத்துக்கு மருந்து கிடைக்குமா என்ற வினா.

நகரின் பஸ் ஒழுங்கு முதற்பார்வைக்குக் காடு போலத் தோன்றினும் அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. பெரும்பாலான வீதிகள் புறக்கோட்டையிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல விரிகின்றன. ஒவ்வொரு வழிக்கும் ஓர் இலக்கம் உண்டு. 100 ஆம் இலக்கம் பாணந்துறைக்கும் 101 ஆம் இலக்கம் மொறட்டுவைக்கும் உரியவை. இரண்டும் காலி வீதி வழியே செல்வன. ஆதலின் வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவர் இரண்டில் எதிலும் ஏறலாம். மஹரகமை செல்வோருக்கு 138. ஆனால் அவ்விலக்கத்தின் பின்னே சாய்கோடும் வேறோர் எண்ணும் சேர்ந்துவிட்டால் வண்டி சென்று முடியும் இடம் மாறிவிடும். எல்லா வண்டியும் புறக்கோட்டையிலிருந்தே புறப்படும் என எண்ணுவதும் தவறு. கடுவெலைக்குச் செல்லும் 177 கொள்ளுப்பிட்டியிலிருந்து புறப்படுவது. எண்ணுக்கு மொழி இல்லை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வடிவில் வாசிக்கும் எழுத்து, இன்று இந்நாட்டில் எண் ஒன்றே. புதிதாக வருபவருக்கு உற்ற நண்பனும் அதுவே.

எண்ணுக்கு அப்பால் வருவது ஊர்ப்பெயர். தொல்லை தொடங்குமிடமும் அதுவே. நாம் முகத்துவாரம் என்பதை நடத்துநர் 'மோதர' எனக் கூவுகின்றார். நமது கறுவாத்தோட்டம் அவருக்குக் 'குருந்துவத்த'. நமது புறக்கோட்டை அவருக்குப் 'பிட்டகொட்டுவ'. இப்பெயர்களைச் சற்று உற்று நோக்குவோருக்கு ஓர் உண்மை புலப்படும். கோட்டைக்குப் புறத்தே இருப்பது என்ற ஒரே பொருளையே இரு மொழியும் சொல்லுகின்றன. கறுவா விளைந்த தோட்டம் என்றே இரு மொழியும் சொல்லுகின்றன. ஒன்றை ஒன்று அறியாத இரு மக்கள் ஒரே இடத்துக்கு இவ்வாறு ஒத்த பெயரை வழங்கியிருக்க முடியாது. இரு மொழியும் இந்நகரின் வீதிகளிற் கூடி நடந்தன என்பதற்கு இவை சான்று. ஆயினும், நடத்துநரின் கூவலில் ஒரு பெயர் மட்டுமே ஒலிக்கையில், மற்றப் பெயரை மட்டும் அறிந்தவர் தம் இறங்குதுறையைத் தாண்டிச் சென்றுவிடுகின்றார்.

பஸ் செய்யாததைப் புகையிரதம் நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. 1864 ஆம் ஆண்டு முதன்முதலாக ஓடத் தொடங்கிய இலங்கைப் புகையிரதம், தன் நிலையங்களின் பெயர்களை இன்று மூன்று மொழிகளிலும் பொறித்து வைத்திருக்கின்றது. கோட்டையிலிருந்து கரையோரமாகச் செல்லும் வண்டியில் ஏறியவர், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எனப் பெயர்களைத் தாமே வாசித்துக்கொண்டு, ஒருவரையும் கேளாமல் இறங்கலாம். கடுகதி வண்டி சிறு நிலையங்களில் நில்லாது என்பதை மட்டும் ஏறுமுன் விசாரித்துக்கொண்டாற் போதும். ஒருவரையும் கேளாமல் செல்ல முடிவது எத்துணைப் பெரிய சுதந்திரம் என்பது, கேட்டுக் கேட்டுக் கூசியவருக்கே தெரியும்.

பஸ்ஸில் எழுதும் எழுத்து அற்ப விஷயம் என்று இந்நாட்டில் எவரும் சொல்லற்க. 1957 இல் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டது. 1958 ஜனவரி 1 ஆம் நாள் பஸ் போக்குவரத்து அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அவ்வாண்டின் முற்பகுதியிலேயே அவ்வெழுத்தைத் தாங்கிய சபையின் வண்டிகள் வடக்கே அனுப்பப்பட்டன. வடக்கே அவ்வெழுத்தின்மேல் தார் பூசப்பட்டது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மேல் தார் பூசப்பட்டது. மே மாதத்தில் இரத்தம் சிந்தியது. ஓர் எழுத்தினால் அத்துணைத் தீமை விளையக்கூடுமாயின், ஓர் எழுத்தினால் நன்மையும் விளையக்கூடும் அன்றோ?

சட்டம் இன்று குறைவின்றி இருக்கின்றது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்க, பல வண்டிகளின் நெற்றியில் தமிழ் இல்லை. இருக்கும் சிலவற்றிலும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றது. எழுதியதிலும் பிழை மலிந்துள்ளது. கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தின் மேல், முதலெழுத்துப் பிழைத்துத் 'தாய்' என்பது 'நாய்' என எழுதப்பட்டிருந்த கதையைப் பலரும் அறிவர். அதை எழுதியவர் நெஞ்சில் வஞ்சம் இருந்ததென நாம் கருதவில்லை. தமிழ் அறிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்க்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை என்பதே நம் வருத்தம். பகைமையிலும் அசட்டை சில வேளைகளில் ஆழமாகக் காயப்படுத்தும்.

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு வண்டியின் முகத்திலும் பக்கத்திலும் செல்லுமிடம் மூன்று மொழிகளிலும் ஒத்த அளவில் எழுதப்படுக. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் அங்கு நிற்கும் வண்டிகளின் இலக்கங்களையும் அவை செல்லும் ஊர்களையும் தாங்கிய ஒரு பலகை நடப்படுக. எழுதிய தமிழைத் தமிழறிந்தவர் சரிபார்த்த பின்னரே பூச்சு ஏறுக. நடத்துநர்களுக்கு இருபது தமிழ்ச் சொற்களைக் கற்பிப்பதும் அரிதன்று. ஏறுங்கள், இறங்குங்கள், எங்கே, எவ்வளவு, மிச்சக்காசு என்பவற்றைச் சொல்லத் தெரிந்தால் பாதி வழக்கு ஓய்ந்துவிடும். அவ்வாறே வடக்கிலும் கிழக்கிலும் ஓடும் வண்டிகளிற் சிங்களம் மட்டும் அறிந்து வருபவரும் வழி தவறாமற் சென்றுவர வேண்டும். நமக்கு வேண்டிய மரியாதையைப் பிறருக்கு மறுத்துவிட்டுக் கேட்பது நியாயமாகாது.

வருபவருக்கும் ஒரு சொல். ஊர்ப்பெயரோடு வழி இலக்கத்தையும் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; இடத்தின் சிங்களப் பெயரையும் அருகே தமிழெழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். அயலவர் மொழியில் நான்கு சொற் பேசுவதனால் நம் மொழி தேய்ந்துவிடாது. கொழும்பில் நெடுநாள் வாழும் நம்மவருக்கோ மற்றொரு சொல்: பஸ்ஸில் ஒருவர் பலகையைப் பார்த்துப் பார்த்துத் தயங்குவாராயின், அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள். நகர நாகரிகம் என்பது பேச்சடக்கம் என எண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வோர் நம்மிடையே பெருகி வருகின்றனர்.

ஒரு நகரின் பெருமையை அதன் மாடங்களின் உயரத்தால் அளப்போர் அளக்கட்டும். முதல்நாள் வந்த ஏழை ஒருவர், மாலைக்குள் தம் கருமத்தை முடித்து, எவரிடமும் தலைகுனியாமல், இரவு வண்டியிற் சென்று ஏற முடிகின்றதா என்பதே நாம் கொள்ளும் அளவு. அவ்வளவுகோலில் நம் தலைநகர் இன்னும் உயர வேண்டியிருக்கின்றது. அதற்கு வேண்டிய முதற்செலவு சிறிது வர்ணமும் ஒரு தூரிகையுமே.