ஏழையின் புத்தி மீது பழி போடாதீர்கள்

ஏழைகள் ஏழைகளாகவே இருப்பதற்கு அவர்கள் எடுக்கும் தவறான முடிவுகளே காரணம் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. சேமிக்கத் தெரியாது, கந்துவட்டிக்குப் போவார்கள், கடன் வாங்கிக் கல்யாணம் செய்வார்கள், நாளையைப் பற்றிய நினைப்பே கிடையாது என்று பட்டியலும் தயாராக இருக்கும். இப்போது அந்தப் பட்டியலுக்கு நடத்தைப் பொருளியலையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள். மனித மனத்தின் சாய்வுகளைப் பற்றி உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் கண்டறிந்ததை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சாய்வுகள் ஏழைகளிடம் கூடுதலாக இருப்பதால்தான் அவர்கள் முன்னேறவில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். இது பிழையான முடிவு. இதை நம்பித் திட்டம் தீட்டும்போது அது கொடுமையாகவும் ஆகிவிடுகிறது.

கானமனும் ட்வெர்ஸ்கியும் தங்கள் கேள்விகளைக் குடிசைப் பகுதிகளுக்குப் போய்க் கேட்கவில்லை. பெரும்பாலும் பல்கலைக்கழக வட்டாரத்தில் கேட்டார்கள். சறுக்கியவர்கள் நன்கு படித்தவர்களே. 1982இல் ட்வெர்ஸ்கி மருத்துவ ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையா கதிர்வீச்சா என்று கேட்கப்பட்டவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் 100 பேரில் 90 பேர் பிழைக்கிறார்கள் என்று சொன்னபோது அதைத் தேர்ந்த மருத்துவர்கள் அதிகம். 10 பேர் இறக்கிறார்கள் என்று அதே கணக்கைத் திருப்பிச் சொன்னபோது அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மருத்துவருக்கும் சறுக்கும், மாடு மேய்ப்பவருக்கும் சறுக்கும். ஆனால் மாதச் சம்பளக்காரர் சறுக்கினால் தாங்கிப் பிடிக்க ஏற்பாடுகள் இருக்கின்றன. அவர் மறந்தாலும் வருங்கால வைப்பு நிதி சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டுவிடும். தவணையை வங்கிக் கணக்கே கட்டிவிடும். ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். தினக்கூலிக்காரர் இவை ஒவ்வொன்றையும் தன் தலையிலேயே சுமந்து, தினமும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அந்தச் சுமை சிந்தனையை எப்படி அழுத்துகிறது என்பதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் சான்று நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்புக் கழனிகளிலிருந்து கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் அதில் பங்கேற்றார்கள். கரும்பு போடுபவருக்கு வருமானத்தின் பெரும்பகுதி, வெட்டு முடிந்து ஆலைப் பணம் கைக்கு வரும்போது மொத்தமாக வருகிறது. ஆகவே வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை வறண்டு கிடப்பவரும், வெட்டுக்குப் பிறகு மூச்சுவிடுபவரும் ஒரே மனிதர்தான். வெட்டுக்கு முன்பு 100க்கு 78 பேர் ஏதாவதொரு பொருளை அடகு வைத்திருந்தார்கள்; பிறகு அது 4 பேராகக் குறைந்தது. வெட்டுக்கு முன்பு 99 சதவீதம் பேருக்குக் கடன் இருந்தது. பிறகு 13 சதவீதம். இந்த இரு காலங்களிலும் அவர்களுக்கு இரண்டு சோதனைகள் வைக்கப்பட்டன. ஒன்றில், வடிவங்களின் வரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்றில் 5 5 5 என்று எழுதியிருப்பதைக் காட்டுவார்கள். ‘ஐந்து’ என்று சொல்ல முந்தும் நாக்கை அடக்கிக்கொண்டு, எத்தனை முறை எழுதியிருக்கிறது என்று எண்ணி ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பு தேவையில்லை. கவனமும் அடக்கமும் போதும். வடிவச் சோதனையில் வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரி, பின் 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது, பின்பு 131 விநாடிதான். பிழைகளும் குறைந்தன. அதே விவசாயி, அதே மூளை, அதே வளர்ப்பு. மாறியது கையிருப்பு ஒன்றுதான்.

இரண்டாம் முறை எழுதும் பரீட்சையில் யாருக்கும் மதிப்பெண் கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்களே அதை எதிர்பார்த்து 100 விவசாயிகளை ஒதுக்கிவைத்து, அவர்களை வெட்டுக்குப் பிறகுதான் முதன்முறையாகச் சோதித்தார்கள். அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகவே செய்தார்கள். பருவம், வெயில், வேலைப்பளு காரணமாக இருக்குமோ என்றால், ஆலைகள் வெட்டு உத்தரவைச் சில மாதங்களுக்குப் பரப்பியே தருகின்றன. ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார். பக்கத்துக் கொல்லைக்காரர் உத்தரவுக்குக் காத்திருப்பார். இதைவிட வலுவான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. கார்வாலோ, மையர், வாங் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வருமானக்காரர்களிடம் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சிந்தனைத் திறனில் வேறுபாடு தென்படவில்லை. இதை மறைக்கக் கூடாது. பணமுடை எல்லா இடத்திலும் ஒரே அளவில் மூளையை அழுத்துகிறது என்று நான் வாதிடவும் மாட்டேன். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: சம்பளத்துக்கு முன்பு அவர்கள் பணத்தை உடனே பெறுவதையே அதிகம் விரும்பினார்கள், உழைப்பை இன்றைக்குச் செய்வதா பிறகு செய்வதா என்ற கேள்வியில் அந்த அவசரம் தெரியவில்லை. பிறவியிலேயே பொறுமை கெட்டவர்களாக இருந்தால் இரண்டிலும் அல்லவா அவசரப்பட்டிருக்க வேண்டும்? ஆக, மூளை தளர்ந்தாலும் தளராவிட்டாலும் முடிவை வளைப்பது பணமுடைதான்.

‘கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள்’ என்பது அடுத்து வரும் வாதம். குடியால் சீரழிந்த குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அந்தப் பெண்களின் துயரத்தை யாரும் சிறிதாக எண்ண முடியாது. ஆனால் கொடுக்கும் பணம் குடிக்குத்தான் போகிறதா என்பது சோதித்து அறியக்கூடிய விஷயம். உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ரொக்கம் பெற்ற குடும்பங்களில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதற்கான சான்று இல்லை. சில இடங்களில் அது குறைந்ததும் உண்டு. ஒரு தெருவில் ஒருவர் குடித்துவிட்டு விழுந்து கிடப்பது கண்ணில் படும். அந்தப் பணத்தில் அரிசியும் நோட்டுப் புத்தகமும் வாங்கிய பத்துக் குடும்பங்கள் கண்ணில் படுவதில்லை. கண்ணில் பட்டதை வைத்தே கணக்குப் போடுவதும் மனச் சாய்வுதான். இங்கே அது ஏழையிடம் இல்லை, அவரைப் பழிப்பவரிடம் இருக்கிறது.

ஏழைக்குப் புத்தி சொல்வதைவிடப் பணம் வரும் நேரத்தைத் திருத்துவது மேல் என்பதற்கும் சான்று உண்டு. மேற்குக் கென்யாவில் விவசாயிகள் உரம் போட விரும்பினார்கள், ஆனால் விதைப்பு வருவதற்குள் காசு கரைந்துவிடும். பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோவும் அவருடைய சகாக்களும் அறுவடை முடிந்த கையோடு, காசு இருக்கும்போதே, உரத்துக்குப் பணம் கட்ட வசதி செய்து இலவசமாக வீட்டில் கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். பிற்பாடு விலையைப் பாதியாகக் குறைப்பதற்கு ஈடான பலன் கிடைத்தது. ஒடிசாவில் வேறு ஆய்வாளர்கள், இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களில் சிலருக்கு, கூலியைக் கூட்டாமல், சேர வேண்டியதைச் சில நாள் முன்னதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் மிகவும் வறியவர்கள் மணிக்கு அதிகத் தட்டுகள் தைத்தார்கள், கவனப் பிசகும் குறைந்தது.

அப்படியானால் கரும்பு விவசாயியிடம் நாம் கேட்க வேண்டியது, ஏன் சேமிக்கவில்லை என்பதல்ல; ஆலைப் பணம் நேரத்துக்கு வந்ததா என்பதே. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை ஒப்படைத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். ஆனாலும் நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பது நம் செய்தித்தாள்களுக்குப் புதிதல்ல. தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அடகுக்கடைக்கு வட்டி ஏறுகிறது. அடுத்த போகத்துக்கான முடிவுகளை அந்த நெருக்கடியிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. நிதி மேலாண்மை முகாம்களும் சேமிப்பு விழிப்புணர்வு வாரங்களும் இருக்கட்டும். அரசு முதலில் அந்த 14 நாள் விதியைத் தவறாமல் நடைமுறைப்படுத்தட்டும். வட்டியை விவசாயி கேட்காமலேயே கணக்கில் வரவு வைக்கச் செய்யட்டும்.