மோட்சத்துக்கும் மதில் உண்டோ?

கண்ணபுரம் சந்தையிலே காங்கேயம் காளைக்கு விலைபேச வரும் உழவர், பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; நடக்கவிட்டுப் பார்க்கிறார்; அதன் பிறகுதான் துண்டுக்குள்ளே கை நீட்டுகிறார். கோவையில் ஆலைக்குப் பஞ்சு எடுப்பவர், ஒரு பிடி கிள்ளி, இழையை இழுத்துப் பாராமல் பொதிக்கு விலை சொல்வதில்லை. இத்தனை விழிப்புள்ள கொங்கு மண்ணிலே ஒரு சரக்கு மட்டும், பல் பாராமல், இழை பாராமல், வாழ்நாள் முழுவதையும் விலையாகப் பெற்றுக்கொண்டு கைமாறுகிறது. அந்தச் சரக்கின் பெயர் மோட்சம்.

வைகுந்தத்தையும் கயிலாயத்தையும் பற்றி நாம் கேட்காத கேள்வி இல்லை. இன்று கிறித்தவத் தோழர்களின் மோட்சத்தைப் பற்றிக் கேட்கிறோம். அவர்களைப் புண்படுத்துவது நம் நோக்கமன்று. கருமத்தம்பட்டியிலும் கோவை பெரியகடைத் தெருவிலும் முழந்தாளிட்டு நிற்கும் எளிய மக்கள் நம் உடன்பிறப்புகள். நம் தறியிலே நெய்பவர்கள், நம் வயலிலே உழைப்பவர்கள். அவர்களுக்குத் தரப்பட்டிருக்கும் வாக்குறுதியிலே எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்று அவர்கள் சார்பிலே கேட்கிறோம். அவ்வளவே!

முதலிலே அளவைப் பார்ப்போம். வேதாகமத்தின் கடைசி ஏடு, வானிலிருந்து இறங்கும் நகரத்துக்கு அளவு தருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி. ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். குமரியிலிருந்து டில்லி வரை நீண்டு, அதே அளவு வானிலும் எழுந்து நிற்கும் நகரம்! அதற்கு மதிலும் உண்டு. அந்த மதிலின் அளவு 144 முழம். சுமார் 65 மீட்டர். வீதியெல்லாம் பொன், வாயில்கள் பன்னிரண்டும் முத்து.

பொன் வீதியிலே என்ன விளையும் என்று கேட்டால், "அதெல்லாம் உருவகம்" என்கிறார்கள் கற்றறிந்த குருமார்கள். நன்று. அந்த விடையை நாம் தள்ளவில்லை. 1999 சூலையில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவர்களே, மோட்சம் என்பது மேகத்துக்குள்ளே இருக்கிற இடமன்று, கடவுளோடு மனிதன் கொள்ளும் உயிருள்ள உறவு என்று விளக்கினார். ஆனால், பொன்னும் முத்தும் உருவகம் என்பதை, காதோலையை அடகு வைத்துத் திருவிழாவுக்குக் காணிக்கை கொண்டுவரும் பாட்டியிடம் இத்தனை காலம் ஏன் எடுத்துச் சொல்லவில்லை? படித்தவனுக்கு உருவகம், பாமரனுக்குப் பொன் வீதி என்று இரண்டு மோட்சங்கள் ஏன்?

இரண்டோடு நின்றதா? 1331ஆம் ஆண்டு, அவிஞோன் நகரிலே வீற்றிருந்த பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான், புனிதர்களின் ஆன்மாக்கள்கூட இறுதித் தீர்ப்பு நாள் வரையில் கடவுளை நேருக்கு நேர் காணமாட்டா என்று பிரசங்கம் செய்தார். பாரீசுப் பல்கலைக்கழகத்து வேதவித்தகர்கள் கொதித்தெழுந்தனர். 1334இல் மரணப் படுக்கையிலே அவர் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த பன்னிரண்டாம் ஆசீர்வாதப்பர், 1336இல், தூய ஆன்மாக்கள் இறுதித் தீர்ப்புக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று கோட்பாடு வகுத்தார். மோட்சத்தின் திறவுகோல் தம் கையிலே என்று சொன்னவர்களுக்குள்ளேயே, கதவு எப்போது திறக்கும் என்பதிலே வழக்கு!

உள்ளே நுழையத் தக்கவர் யார் என்பதிலாவது உறுதி உண்டா? 1442இல் புளோரன்சு சங்கம், திருச்சபைக்கு வெளியே நிற்கும் யாவருக்கும் என்றும் அணையாத நெருப்பே கதி என்றது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதிருந்து, நேர்மையாக வாழ்ந்தவர்களும் மீட்பு அடையக்கூடும் என்றது. இரண்டாவது சொல் மனிதத்தன்மை உள்ள சொல், அதைப் பாராட்டுகிறோம். ஆயினும் இடையிலே கழிந்த 522 ஆண்டுகளிலே, "உன் தாயும் தந்தையும் நரகத்தில் வேகிறார்கள்" என்று கேட்டுக் கலங்கிய புதுக் கிறித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த பச்சிளங் குழந்தைகளின் கதை இதைவிடக் கொடிது. அவை மோட்சமும் சேரா, நரகமும் சேரா, 'லிம்போ' என்னும் இடைநிலையிலே நிற்கும் என்று நூற்றாண்டுகளாகக் கற்பித்தனர். மந்திரித்த கல்லறை நிலத்திலே அவற்றுக்கு இடம் மறுக்கப்பட்டது. வேலியோரத்திலே மகவைப் புதைத்துவிட்டு வந்த தாய்மார் எத்தனை பேர்! 2007இல் வத்திக்கானின் வேதவியல் குழு, அக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என அறிக்கை தந்தது. லிம்போ ஒருபோதும் அறுதியிட்ட கோட்பாடாக இருந்ததில்லை என்றும் விளக்கியது. கோட்பாடாக இல்லாத ஒன்றுக்காகவா அந்தத் தாய்மார் கண்ணீர் வடித்தனர்?

மற்றச் சபையாரிடம் போவோமானால் மோட்சத்தின் வரைபடமே மாறுகிறது. கத்தோலிக்கருக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. சீர்திருத்தச் சபையாருக்கு அது இல்லை. யெகோவாவின் சாட்சிகளோ, பரலோகத்திலே அரசாளப் போகிறவர் 1,44,000 பேர் மட்டுமே என்று கணக்குத் தருகிறார்கள். ஒரே ஊர், ஒரே வேதம். வழி மட்டும் வீதிக்கு ஒன்று! மோட்சம் என்பார் ஒருவர், பரலோகம் என்பார் மற்றவர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'விண்ணகம்' என்றது. பெயர் தமிழானது, மகிழ்ச்சி! சரக்கு எப்போது தெளிவாகும்?

ஆகவே, மேலே இருப்பதைப் பற்றி உறுதியாக ஒன்றும் பெற வழியில்லை. கண்டு வந்தவர் எவருமில்லை என்பதை அவர்களுடைய வேதமே ஒருவாறு ஒப்புக்கொள்கிறது. அது கண்ணுக்கும் செவிக்கும் எட்டாதது என்று பவுல் எழுதிவைத்தார். நாம் சோதித்துப் பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று: கீழே இருக்கும் வாசற்படி. மோட்சம் கடவுளோடு கொள்ளும் உறவு என்றால், அங்கே யாவரும் ஒரே பந்தி என்றால், அந்தப் பந்தியின் ஒத்திகை இங்கே, இந்தக் கோயிலிலே, இந்தக் கல்லறையிலே நடைபெற வேண்டும். நடைபெற்றதா?

1704இல், பாப்பரசரின் தூதராகப் புதுவைக்கு வந்த தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். அதிலே ஒரு விதி: பறையர் குடிசைக்குள் நுழைந்து நோயாளிக்கு இறுதி அருட்சாதனங்கள் வழங்கக் குருமார்கள் மறுக்கலாகாது. இப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது? மேல்சாதியாரின் மனம் கோணாதிருக்க, குருமார் சேரிக் குடிசைக்குள் போகத் தயங்கினர் என்பதால்தான்! அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் ஆன்மா இடர்ப்படும் என்று கற்பித்தவர்களே, அதைக் கொடுக்கக் குடிசைக்குள் குனியவில்லை. வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுபட்டது. 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவு தந்தார். தூர்னோன் ஆணையை உறுதி செய்தார். கூடவே, பறையருக்கென்று தனியே குருமாரை ஒதுக்கும் ஏற்பாட்டையும் ஏற்றார். மோட்சத்துக்கு வழிகாட்டிகளிலும் இரண்டு சாதி!

இந்த வழக்கு நம் கோவைக்கும் வந்தது. பிரெஞ்சு நாட்டிலே 1813இல் பிறந்த மரியோன் பிரெசில்லாக், 1842இல் புதுவைக்கு வந்தார். 1846 அக்டோபர் 4ஆம் நாள் நம் கருமத்தம்பட்டியிலே மேற்றிராணியாராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவை மறைப்பகுதி அவர் பொறுப்பாயிற்று. 1744ஆம் ஆண்டு முடிவை மீறமாட்டோம் என்று ஆணையிட்டுப் பணியேற்ற குருமார், நடைமுறையிலே சாதி வழக்கங்களுக்கு இடங்கொடுத்து வருவதை அவர் கண்டார். எது தகும், எது தகாது என்று ரோமாபுரியிடம் தெளிவு கேட்டார். கிடைக்கவில்லை. மனச்சான்று உறுத்த, பதவியைத் துறந்தார். 1855இல் துறவு ஏற்கப்பட்டது. மறு ஆண்டு லியோன் நகரிலே ஆப்பிரிக்க மறைப்பணிச் சங்கத்தைத் தொடங்கினார். 1859இல் சியரா லியோனுக்குச் சென்று, ஆறு வாரங்களிலே நோய்க்கு இரையானார்.

அவருடைய நம்பிக்கை நம்முடையது அன்று. ஆயினும் அவருடைய நேர்மைக்குத் தலைவணங்குகிறோம். மேற்றிராணியார் அகன்றார், சாதி அகலவில்லை! இதனினும் கசப்பான பாடம் கொங்கு நாட்டுக் கிறித்தவ வரலாற்றிலே வேறு உண்டா?

சீர்திருத்தச் சபையிலே 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதியை உடனே, அடியோடு விட்டொழிக்க வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்கு எழுதினார். விளைவு? ஒரே கிண்ணத்திலே நற்கருணை பருக மனமின்றி, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டே விலகினர். மோட்சத்தை இழந்தாலும் இழப்பார்கள். சாதியை இழக்க மாட்டார்கள்!

"பழங்கதை" என்பீரோ? 2008 மார்ச்சு மாதத்தை நினைத்துப் பாருங்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரிலே, ஒரே செபமாலை அன்னையை வணங்கியவர்களுக்குள் மோதல் மூண்டது. ஒதுக்கப்பட்டு வந்த தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அது பொறுக்காமல் கலவரம். போலீசார் துப்பாக்கிச் சூடு. இரண்டு உயிர்கள் பலி. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலோ, சாதிக் கிறித்தவரின் பிணத்தையும் தலித் கிறித்தவரின் பிணத்தையும் பிரிக்க ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். 2010இல் பெரியார் தொண்டர்கள் அதை இடிக்க இறங்கினார்கள். செத்தவனின் எலும்புக்கும் தீட்டு! 2016 டிசம்பரிலே இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஏடே, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு வருந்தியது. எதிரி சொன்ன பழியன்று இது, ஆயர்களின் வாக்குமூலம்.

இந்த இடத்திலே ஒரு மறுப்பு எழும்: "சாதி இந்து சமுதாயத்தின் நோய், அது எங்களைத் தொற்றியது. நாங்கள் பள்ளி திறந்தோம், மருத்துவமனை கட்டினோம்." பள்ளியையும் மருத்துவமனையையும் நாம் மறுக்கவில்லை. அக்கிரகாரம் அடைத்த கல்விக் கதவைச் சேரிப் பிள்ளைக்குத் திறந்த கைகளை நன்றியோடு நினைக்கிறோம். சாதியின் ஊற்று மனுநீதியிலே இருப்பதும் நமக்குத் தெரியும். அதை நாம் கண்டிக்காத நாளில்லை. ஆனால் நோயைத் தீர்க்க வந்தேன் என்ற மருத்துவர், நோயாளிகளை வகை பிரித்துப் படுக்கை போட்டால், தொற்று யார் குற்றம்? தீமையை வெல்லும் வல்லமை தம் கடவுளுக்கு உண்டு என்று பறைசாற்றுவோர், ஒரு கல்லறைச் சுவரின் முன்னே ஏன் கை கட்டி நிற்க வேண்டும்?

கிறித்தவ இளைஞர்களே! மோட்சத்தின் இயல்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டவை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறி வந்தன. இனியும் மாறும். உங்கள் கையிலே இருப்பது, இந்த மண்ணிலே நீங்கள் கட்டக்கூடிய சமத்துவம். அடுத்த நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, மெழுகுவத்தியோடு போகும்போது, நடுவிலே சுவர் நிற்கிறதா என்று பாருங்கள். சேரிப் பிணம் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள். திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று கணக்கெடுங்கள். எங்கள் பகுத்தறிவை நீங்கள் ஏற்க வேண்டுமென்று வற்புறுத்தவில்லை. உங்கள் வேதத்திலுள்ள அந்த நகரத்தின் வாயில்கள் ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை என்று எழுதியிருக்கிறதே, அதையாவது உங்கள் குருவானவரிடம் எடுத்துக் காட்டுங்கள்!

வாயில் திறந்திருக்கும் என்பது உண்மையானால், சுவருக்கு இங்கே என்ன வேலை? சுவர் இருக்குமட்டும், மோட்சத்தைப் பற்றி எவர் எது சொன்னாலும், காளையின் பல்லைப் பார்த்துப் பழகிய கொங்கு நாட்டார் காசை மடியிலேயே முடிந்துகொள்வது நல்லது. முதலிலே கல்லறைச் சுவர் வீழட்டும்; மோட்சத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.