450 வாட்ஸ் என்று யார் சொன்னது?

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நம்மிடம் படித்த பிள்ளை ஒன்று ஆமத்தூரில் வீட்டிலிருந்தே சிவகாசி அச்சகங்களுக்கு டி.டி.பி. வேலை செய்கிறது. காலண்டர் சீசனில் ஒரு நாள் வேலை நின்றாலும் ஆர்டர் கை மாறிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் நிற்கும் நாளுக்காக இன்வெர்ட்டர் வாங்கப் போனது. கடைக்காரர் கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் பார்த்தார். 450 வாட்ஸ். 8 மணி நேரத்துக்கு 3600. "ரெண்டு பேட்டரி, பெரிய இன்வெர்ட்டர்" என்றார். நகையை அடகு வைக்கலாமா சார் என்று என்னிடம் கேட்கிறது!

லேபிளில் இருப்பது அந்தப் பெட்டி அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. எவ்வளவு இழுக்கிறது என்பது அல்ல. ஸ்பீடாமீட்டரில் 160 வரை எண் இருக்கிறதென்று சிவகாசி ரோட்டில் 160-ல் போகிறோமா?

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன், ஃப்ரிட்ஜ் உட்பட. கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டும், வழக்கமான வேலை ஓடும்போது. மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குவதை 6 நிமிடம் எண்ணியது: 35. மணிக்கு 350. அந்த மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் சுமார் 110 வாட்ஸ். 8 மணி நேரத்துக்கு 880. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் 1800 இருக்கும். இன்வெர்ட்டர் விரயம், ஒட்ட வடிக்காமல் விடுவது எல்லாம் போனாலும் 1000 கைக்கு வரும். புது பேட்டரி ஒன்று போதும்.

"சேஃப்டிக்குத்தானே கூடுதல்" என்பார்கள். பேட்டரி சும்மா இருந்தாலும் கிழடாகும் அய்யா! உண்மையிலேயே 450 இழுத்தால் அவர் சொன்ன ரெண்டும் போதாது. அந்தக் கணக்கையும் அவர் போடவில்லை.

இன்னொரு கடையில் 600 வி.ஏ. யு.பி.எஸ். "ஒரு மணி நேரம் தாங்கும்" என்றார்களாம். வி.ஏ. என்பது குழாயின் அகலம். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பது உள்ளே இருக்கும் பேட்டரி. பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.ஹெச். மொத்தமே 84. ஃபைலை சேவ் பண்ணி அணைக்கத்தான் ஆகும். பத்தாம் வகுப்பில் வாட்டை மணியால் பெருக்கி மார்க் வாங்கியவர்கள் கடை வாசலில் வாய் மூடி நிற்கிறீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லேசர் பிரிண்டரை மட்டும் இதில் மாட்டாதீர்கள், சூடேறும்போது ஏகமாக இழுக்கும். இன்வெர்ட்டரை யு.பி.எஸ். மோடில் வையுங்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு எண்ணிக்கை நிச்சயம் கூடும். எண்ணிப் பார்த்து, உங்கள் மீட்டரில் அச்சிட்ட எண்ணோடு கமெண்டில் போடுங்கள். கணக்குப் போட்டுத் தருகிறேன்.