ஆங்கிலப் பிழைக்கு நாணம், தமிழ்ப் பிழைக்கு?

கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்லூரி வாயிலை முதன்முறையாக மிதிக்கும் உழவன் மகனுக்கும் நெசவாளன் மகளுக்கும் அங்கே முதலிற் கிடைப்பது கல்வியன்று; நாணம்! பன்னீராண்டு தமிழில் எண்ணித் தமிழில் எழுதியவர்கள் ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதிக் காட்டியவுடன் சிவப்பு மை அதனை மேய்ந்துவிடுகின்றது. 'டிசுகசு அபவுட்' என்றால் எள்ளல். 'டென் புக்' என்றால் நகைப்பு. அந் நகைப்புக்கு அஞ்சி வாய்மூடித் தம்மைத் தாமே அறிவிலிகள் என்று முடிவுகட்டிக்கொண்டு கடை விசுப்பலகையில் ஒடுங்குவோர் ஆண்டுதோறும் பலர்.

அப் பிழைகள் அறியாமையால் விளைந்தனவா? ஆய்ந்து பார்ப்பின் உண்மை வேறு. 'மாடு வந்தது' என்றாலும் 'மாடு வந்தன' என்றாலும் தமிழில் பெயர் மாறுவதில்லை. ஒருமை பன்மையை வினைமுற்றே காட்டிவிடும். அஃறிணைப் பெயரின் இவ் வியல்பைத் தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்துரைத்துள்ளனர். எண்ணுப்பெயர் முன்வந்தபின் 'பத்துப் பொத்தகம்' என்பதே தமிழுக்குப் போதும். அவ் வொழுங்கில் ஊறியவனே 'டென் புக்' என்று எழுதுகின்றான்.

'வருகின்றான்' என்னும் வினைமுற்று, நாள்தோறும் வருவதையும் இந் நொடியில் வந்துகொண்டிருப்பதையும் சேர்த்தே குறிக்கும். ஆங்கிலமோ அதனைக் 'கம்சு' என்றும் 'இசு கம்மிங்' என்றும் இரண்டாகப் பகுக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அவன் எழுதுவதன் கரணியம் இதுவே. 'நீ வருவாய் அல்லவா', 'அவள் பாடினாள் அல்லவா' என எவ்விடத்தும் தமிழுக்கு 'அல்லவா' ஒன்றே போதும். எனவே எங்கும் 'இசன்ட் இட்' என்று முடிக்கின்றான். 'இருவரும் வரவில்லை' என்றால் எவரும் வரவில்லை என்பது தமிழில் தெளிவு; அதையே 'போத் டிட் நாட் கம்' என்று பெயர்த்தால் ஆங்கிலத்தில் ஐயம் புகும்; அங்கு 'நெய்தர்' வேண்டும். 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று பழகிய நா, 'டிசுகசு' என்னும் சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருப்பதை அறியாமல் 'அபவுட்' சேர்க்கின்றது.

எல்லாப் பிழையும் தாய்மொழியால் வருவதன்று என்பதும் உண்மையே. 'கேம்' என்பதற்கு மாறாகக் 'கம்டு' என்று ஆங்கிலக் குழந்தையும் மழலையில் சொல்லும். கற்போனின் பிழைகள் குப்பையல்ல, அவன் உள்ளத்தில் மொழி அமைந்துவரும் ஒழுங்கைக் காட்டும் சான்றுகள் என்று 1967-இல் எடுத்துரைத்தவர் பிட் கார்டர் என்னும் பிரித்தானிய மொழியியலறிஞரே. அவர் நாட்டார் ஆய்வுக்குரியதாகக் கண்டதை இங்குள்ளோர் நகைப்புக்குரியதாக ஆக்கியிருக்கின்றனர்!

இனித் தராசின் மறுதட்டைப் பார்க்க. 'அவர் மருத்துவர்' என்றால் போதுமானவிடத்தில் 'அவர் ஒரு மருத்துவர்' என்று எழுதுகின்றனர். அந்த 'ஒரு' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தின் 'ஏ' என்பதிலிருந்து வந்தது. 'கண்ணன் பாடினான்' என்பதை விட்டுக் 'கண்ணனால் பாடப்பட்டது' என்று சுற்றி வளைக்கின்றனர். 'காத்திரு' என்னாமல் 'வெயிட் பண்ணு' என்கின்றனர். ஆங்கிலத்தில் 'ஏ' விடுபட்டால் மதிப்பெண் போகின்றது. தமிழில் வேண்டாத 'ஒரு' புகுந்தால் 'நல்ல நடை' என்னும் பாராட்டு வருகின்றது. இஃது எவ்வகை முறை?

இவ் வடிமை மனத்தின் வேர் பழையது. 1690-இல் கடலூரையடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கில வணிகக் குழு மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய்விழுந்த தொலைவுக்குட்பட்ட ஊர்களெல்லாம் அவ் விற்பனையில் அடங்கின. அவை பீரங்கிக் குண்டு ஊர்கள் என்றே பெயர்பெற்றன. கோட்டை இடிந்து போயிற்று. 1947-இல் ஆட்சியும் போயிற்று. ஆனால் அக் குண்டு தமிழன் உள்ளத்தில் விழுந்த இடம் மட்டும் இன்னும் மீட்கப்பெறவில்லை.

மருந்தோ தொலைவில் இல்லை. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே உள்ளது. மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை பணியாற்றிய இடம் அது; மொழியியலுக்கென்றே உயராய்வு நடுவம் கொண்டதும் அது. தமிழ் இவ்வாறு சொல்லும், ஆங்கிலம் அவ்வாறு சொல்லும், வேறுபாடு இன்னது என்று தமிழிலேயே விளக்கும் ஒப்பீட்டு இலக்கணத்தைக் கற்போன் கையில் கொடுக்கவேண்டும். 'இது தவறு, இது சரி' என்று ஏன் என்பதைச் சொல்லாமல் அடுக்கும் பட்டியற் பொத்தகங்களை நெட்டுருப் போடுவதால், இன்று திருந்திய பிழை நாளை மீண்டும் முளைக்கும். தன் மொழியின் அமைப்பை அறிந்தவனுக்கே பிறமொழி எங்கு விலகுகின்றது என்பது விளங்கும். தமிழிலக்கணம் கல்லாதவன் ஆங்கிலத்தையும் இருட்டில்தான் தடவுவான்.

ஆங்கிலத்தை வழுவோடு எழுதலாம் என்பதன்று இதன் பொருள். கற்கும் மொழியைச் செம்மையாகக் கற்பதே பெருமை. ஆனால் அது மொழிப்பாடமாக நிற்கட்டும். அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் வாயிற்காவலனாக நிற்க வேண்டா. அறிவைத் தமிழில் பெறட்டும். ஆங்கிலத்தைத் தமிழின் துணைகொண்டு பயிலட்டும். ஆங்கிலப் பிழைக்குக் குறைக்கும் அதே மதிப்பெண்ணைத் தமிழ்ப் பிழைக்கும் குறைக்கட்டும்.

பிறர் மொழியில் தடுக்கியதற்குத் தலைகுனியும் தமிழன், தன் மொழியைச் சிதைத்துவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கின்றான். குனியவேண்டிய இடத்தையும் நிமிரவேண்டிய இடத்தையும் அவன் அறியும் நாளே அவன் கல்வி தொடங்கும் நாள்!